சானடோரியம் என்னும் ஊர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறி அமர்ந்து, நிலையங்கள்தோறும் பலகையில் எழுதியிருக்கும் பெயர்களை வாசித்துக்கொண்டே வருகிறவருக்குத் தொண்டை மண்டலத்துப் பழங்கிராமங்களே ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று பாக்கமும் பேட்டையும் வரமுமாக வந்துகொண்டிருந்த அந்த வரிசை, தாம்பரத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் திடீரென்று தடம் மாறி, கிரேக்கத்திலிருந்து ஒரு சொல்லையும் லத்தீனிலிருந்து ஒரு சொல்லையும் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களாக நிறுத்திவைத்திருக்கிறது. முதலாவது குரோம்பேட்டை. வண்ணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக்கொண்டு தோல் பதனிடும் வித்தை சென்னை மாகாணத்தில் கால்கொண்ட காலத்தில், சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் அந்த ஊருக்கு அப்பெயர் வாய்த்தது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் 'பேட்டை' என்ற நம்முடைய சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு, அதைப் பாதிக்குமேல் தமிழாக்கிவிட்டது. இரண்டாவது பெயருக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிட்டவில்லை. பேட்டையும் இல்லாமல், பாக்கமும் இல்லாமல், லத்தீன் அகராதியிலிருந்து எடுத்து அப்படியே பலகையில் ஏற்றியது போல, 'தாம்பரம் சானடோரியம்' என்று அது நிற்கிறது.

இந்தப் பெயரைச் சொல்லுகிற ஆயிரக்கணக்கான பேரில் எவருக்கும் அது ஓர் அந்நியச் சொல் என்ற உணர்ச்சியே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பஸ் கண்டக்டர் "சானடோரியம் எறங்கு" என்கிறார்; வீடு தேடுகிறவர் "சானடோரியத்துல ஒரு போர்ஷன் காலியா இருக்கு" என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்க்கிறார்; "சானடோரியத்துக்கு இந்தப் பக்கம் ஏறுங்க" என்று ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்கிறார்கள். இவ்வளவு சுலபமாக அது நாவில் புரளுவதற்கு இலக்கணமும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். லத்தீனில் 'உம்' என்று முடியும் பெயர்கள் அஃறிணைக்கு ஒப்பான ஒரு பாலைச் சேர்ந்தவை. தமிழிலும் மகர ஒற்றில் முடியும் மரம், குளம், நகரம் முதலியவை அஃறிணைப் பெயர்களே. ஆகையால் மரம் மரத்தை என்றும், குளம் குளத்துக்கு என்றும் ஆவதைப் போலவே, சானடோரியமும் எவரும் கற்பிக்காமலேயே சானடோரியத்தை, சானடோரியத்துக்கு, சானடோரியத்திலிருந்து என்று வேற்றுமை உருபுகளை ஏற்றுக்கொண்டு நடமாடத் தொடங்கிவிட்டது. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி போன்ற சொற்கள் எத்தனை காலம் நம்முடன் பழகினாலும் இந்த அத்துச் சாரியையை அணிந்துகொள்ளும் தகுதி அவற்றுக்கு வாய்க்கவில்லை. எழுதும்போது மட்டும் இன்னமும் ஒழுங்கு ஏற்படவில்லை: சானடோரியம், சானட்டோரியம், சானிடோரியம் என்று கடைக்குக் கடை பலகை வேறுபடுகிறது. ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் உண்டு என்பதால் நம் பலகைக்காரர்களைக் குறைகூற நியாயமில்லை.

லத்தீனில் 'சானுஸ்' என்றால் நலமாக இருப்பவன்; 'சானாரே' என்றால் குணப்படுத்துதல். குணப்படுத்துதல் என்ற வினையிலிருந்து சானடோரியம் பிறந்தது. நலம் என்ற பெயரிலிருந்து நகரசபைக்காரர்களின் சானிட்டரி இன்ஸ்பெக்டரும், அண்மையில் கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த சானிடைசரும் பிறந்தனர். சித்த சுவாதீனம் உள்ளவன், இல்லாதவன் என்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் சொற்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இவ்வளவு பழைய வேரிலிருந்து வந்தபோதிலும் சானடோரியம் என்ற சொல் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். 1842-இல் லண்டனில் சவுத்வுட் ஸ்மித் என்ற மருத்துவர், தர்ம ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசுகிறவர்களும், வீட்டில் வைத்துப் பார்ப்பாரில்லாதவர்களுமான நடுத்தர வகுப்பினர் கட்டணம் செலுத்தித் தங்கிச் சிகிச்சை பெறுவதற்காக ஓர் இல்லம் நடத்தி, அதற்கு இப்பெயரைச் சூட்டினார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அதற்கு ஆதரவாளராக இருந்தார். அந்த நாளில் இச்சொல்லுக்கும் க்ஷயரோகத்துக்கும் யாதொரு சம்பந்தமும் ஏற்பட்டிருக்கவில்லை.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்கோ இச்சொல் வேறொரு பொருளைத் தந்தது. சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் பறிகொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியார், குளிர்ந்த மலைகளின் மேல் ஓய்வும் காற்றும் கிடைக்கும் இடங்களைத் தேடி அலைந்தார்கள். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியின்மீது ஏறியதும், பின்பு உதகமண்டலத்தில் கல்வீடு கட்டிக் குடியேறியதும், நோயுற்ற படைவீரர்கள் அங்கே அனுப்பப்பட்டதும், 1835-இல் டார்ஜிலிங் மலைப் பகுதியைச் சிக்கிம் மன்னரிடமிருந்து கம்பெனி பெற்றுக்கொண்டதும் எல்லாம் இந்த ஒரு நோக்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகளின் குறிப்புகளில் சானடோரியம் என்றால் மலைவாசஸ்தலம் என்றே கொள்ளவேண்டும். தமிழில் நம் முன்னோர் வழங்கிய 'சுகவாசஸ்தலம்' என்ற தொடர் இந்தப் பொருளைப் பிசகில்லாமல் பிடித்துக்கொண்டது. ஓர் இடத்தில் வசிப்பதே சுகத்தைத் தரும், மருந்து இரண்டாம் பக்ஷம் என்ற நம்பிக்கை இரு சொற்களிலும் பொதுவாக இருப்பதைக் காணலாம். இந்த நம்பிக்கையின் உயர்வையும் தாழ்வையும் பின்தொடர்ந்தால் சானடோரியம் என்ற சொல்லின் சரித்திரம் முழுவதும் கிடைத்துவிடும்.

க்ஷயரோகத்தை எலும்புருக்கி நோய் என்றும் வழங்கிய நம்மவரைப் போலவே ஐரோப்பியரும் அதை உடலைத் தின்று தீர்க்கும் வியாதியாகக் கருதி, மருந்தற்றது என்று கைவிட்டிருந்த காலத்தில், ஜெர்மானிய மருத்துவரான ஹெர்மன் பிரேமர், சைலீஷியாவின் மலைகளுக்கிடையே கெர்பர்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் 1850களில் ஒரு சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்து, மலைக்காற்று, நிறைந்த உணவு, அளவான நடை, வைத்தியரின் இடைவிடாத கண்காணிப்பு ஆகியவற்றைக்கொண்டே இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று வாதித்தார். அவரிடமே நோயாளியாக வந்து குணமடைந்த பீட்டர் டெட்வைலர், 1876-இல் ஃபால்கன்ஸ்டைனில் தாமே ஒரு நிலையத்தின் தலைமையை ஏற்று, நடையைக் குறைத்து, திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காகப் படுத்திருக்கும் ஓய்வையே சிகிச்சையின் மையமாக்கினார். அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரூடோ, சாரனாக் ஏரிக்கரையில் 1880களில் சிறு குடில்களைக் கட்டினார். இதற்கு நடுவே 1882-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் காக், க்ஷயத்துக்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததாக அறிவித்தார். கிருமியைக் கண்டவர்களால் அதைக் கொல்லும் மருந்தைக் காண அறுபது ஆண்டுகளுக்குமேல் முடியவில்லை. அந்த நீண்ட இடைவெளிதான் சானடோரியங்களின் பொற்காலம். நோய் தொற்றக்கூடியது என்று தெரிந்துவிட்டபடியால், நோயாளியை ஊரிலிருந்து ஒதுக்கிவைப்பதற்கும் அவை உபயோகப்பட்டன; சுகம் தருவதற்காக ஏற்பட்ட இடத்துக்கு அச்சமும் விலக்கும் வந்து சேர்ந்தது இவ்விதமாகத்தான்.

உள்ளே வாழ்க்கை மணியடித்தபடி நடந்தது. காலையில் உஷ்ணமானியை வாயில் வைத்துக் கணக்கெடுப்பார்கள். பின்பு பால், முட்டை, ரொட்டி. அதன்பின் படுக்கையோடு தாழ்வாரத்துக்குச் செல்லவேண்டும். பேச்சும் சிரிப்பும் அளவோடு. பிற்பகலில் மீண்டும் உஷ்ணமானி, மீண்டும் பால். பனி பெய்தாலும் ஜன்னல்களை மூடக்கூடாது. சளியைத் தரையிலோ கைக்குட்டையிலோ துப்புவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டபடியால், டெட்வைலர் தம் நோயாளிகளுக்கென்று மூடி போட்ட சிறு நீலநிறக் கண்ணாடிக் குப்பி ஒன்றைச் செய்வித்துக் கொடுத்தார். சட்டைப்பையில் அடங்கும் அந்தக் குப்பிக்கு நோயாளிகள் 'நீல ஹென்றி' என்று வேடிக்கைப் பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாமலிருக்க நீலக் கண்ணாடி. கழுவுவதற்கு அடியிலும் ஒரு திறப்பு. ஒரு நூற்றாண்டின் பயத்தையும் நாசூக்கையும் அவ்வளவு சிறிய பாத்திரத்தில் ஒருங்கே அடைத்துவைத்த வேறொரு பொருள் இருக்குமா என்பது சந்தேகமே. இதற்கிடையில் அமெரிக்காவின் பாட்டில் கிரீக்கில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற வைத்தியர், சானடோரியம் என்பது நோயாளிகளின் இடமாகிவிட்டபடியால் தம்முடைய ஆரோக்கிய விடுதிக்கு அந்தப் பெயர் ஆகாது என்று கருதி, எழுத்தைச் சிறிது மாற்றி 'சானிடேரியம்' என்று வழங்கினார். அவ்விடுதியின் சமையலறையில் தோன்றிய சோளச் செதில்கள் இன்று குரோம்பேட்டை மளிகைக் கடையிலும் கிடைக்கின்றன. மேலே கூறிய எழுத்துக் குழப்பத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தச் சொல்லைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு தமிழர் என்பதைச் சானடோரியத்தில் வசிப்பவரில் வெகு சிலரே அறிவார்கள். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சவுரிமுத்து, 1864-ஐ ஒட்டிப் பிறந்து, இங்கிலாந்துக்குச் சென்று மருத்துவம் பயின்று, அங்கேயே ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்து, க்ஷயரோக நிபுணராகப் பெயர் பெற்றவர். ஸாமர்ஸெட் மாவட்டத்தில் மெண்டிப் குன்றுகளின்மேல் ஹில் குரோவ் என்ற சானடோரியத்தை அவர் பல்லாண்டுகள் நடத்தினார். நுரையீரல் க்ஷயத்தைப் பற்றியும் சானடோரியச் சிகிச்சையைப் பற்றியும் நூல்கள் எழுதினார். வெள்ளைக்கார நோயாளிகளுக்கு வெள்ளைக்கார நாட்டிலேயே ஒரு கறுப்பு மனிதர் மருத்துவத் தலைவராயிருந்தார் என்பது, அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சாமானியமான செய்தியாகத் தோன்றாது. க்ஷயரோகத்தைக் கிருமி ஒன்றே உண்டாக்குகிறது என்பதோடு அவர் திருப்தியடைந்துவிடவில்லை. நெருக்கமான குடியிருப்பு, கெட்ட காற்று, குறைந்த உணவு, மிகுந்த வேலை ஆகிய சமூகக் கேடுகளே கிருமிக்கு இடம் கொடுக்கின்றன என்று அவர் வற்புறுத்தினார். நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் அவருடைய சிகிச்சையில் ஓர் அங்கம். பிற்காலத்தில் இந்து வைத்தியத்தின் தொன்மையைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார் என்பதைப் பார்க்கும்போது, மெண்டிப் குன்றின்மேல் இருந்துகொண்டும் அவர் மனத்தின் ஒரு பாதி நம் நாட்டிலேயே இருந்ததென்று கொள்ளலாம்.

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பல் புறப்பட்டபோது, கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் அதில் பிரயாணி. டாக்டர் முத்துவும் அதே கப்பலில் சென்றவர். மூன்றாண்டுகளுக்குப் பின் ராமானுஜன் நோயுற்று, அது க்ஷயம் என்று வைத்தியர்கள் சந்தேகித்தபோது, அவர் தங்கிச் சிகிச்சை பெற்ற இடங்களில் ஹில் குரோவும் ஒன்று. திறந்த ஜன்னலும் குளிர்காற்றும்தான் மருந்து என்ற அக்காலத்துக் கொள்கை, கும்பகோணத்திலிருந்து போன சைவ உணவுக்காரருக்கு எவ்வளவு கொடுமையாயிருந்திருக்கும் என்பதை விவரிக்கவேண்டியதில்லை. 1919-இல் அவர் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அவரைப் பீடித்தது க்ஷயமே அன்று, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். சேத்துப்பட்டு என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே சரித்திரத்தில் அது மறுபடியும் வரப்போகிறது.

அறுபதைக் கடந்த வயதில் டாக்டர் முத்து இந்தியாவுக்கு வந்து, தாம்பரத்துக்கு அருகில் ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில் தம் கனவை நாட்டினார். 1928 ஏப்ரலில் சென்னை கவர்னர் வைகவுண்ட் கோஷன் அந்தச் சானடோரியத்தைத் திறந்துவைத்தார். தொடக்கத்தில் இருந்த படுக்கைகள் பன்னிரண்டு. மலை வேண்டும், குளிர் வேண்டும், தேவதாரு வேண்டும் என்று பிரேமர் காலத்தில் பேசப்பட்டதற்கும், பச்சைமலை என்ற சிறு குன்றின் அடியில் கிடந்த இந்தப் புதர்க்காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பட்டணத்தின் கடலோர ஈரத்திலிருந்து விலகிய வறண்ட காற்றும், மேடான செம்மண் நிலமும், பக்கத்திலேயே ரயிலும் இருந்தால் போதும் என்பது சவுரிமுத்துவின் துணிபு. சாமானிய மனிதன் ஊட்டிக்கோ ஸ்விட்சர்லாந்துக்கோ போக இயலாது. அவன் எழும்பூரில் ரயில் ஏறித் தாம்பரம் வரமுடியும். கோட்டையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அப்பகுதியை ஆரோக்கிய பூமியாக எண்ணியவர் அவர் ஒருவர் மட்டுமே அல்லர். சில ஆண்டுகளுக்குள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனின் நெரிசலைத் துறந்து, சேலையூர்க் காட்டில் இடம் பெற்று, 1937-இல் அங்கே குடிபுகுந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, காட்டுக்கும் பட்டணத்துக்கும் இடையிலிருந்த தூரம் பாதியாய்விட்டது.

தனிமனிதர் ஒருவரால் நடத்த முடியாத அளவுக்கு நோயாளிகள் பெருகிய நிலையில், கல்லூரி குடிபெயர்ந்த அதே 1937-இல் சானடோரியத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. டாக்டர் முத்து 1940-இல் காலமானார். அரசாங்கத்தின் வசம் வந்தபின் வார்டுகள் நீண்டன. எதிரும் புதிருமாக ஜன்னல்கள் வைத்து, இரு புறமும் தாழ்வாரம் இறக்கி, காற்று குறுக்கே ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட ஓட்டுக் கட்டடங்கள் மரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று எட்ட எட்ட எழுந்தன. எக்ஸ்ரே வந்தது, நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக ஊசிமூலம் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கவைக்கும் முறையும், அதுவும் பலிக்காதபோது விலாவெலும்புகளை வெட்டி எடுத்து மார்பையே ஒடுக்கும் ரண சிகிச்சையும் சானடோரியங்களின் அன்றாட நடைமுறையாயின. மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் படுத்திருந்த நோயாளிக்கு, ஆங்கில நாட்டுப் பனிக்குப் பதிலாகச் சித்திரை வெயில். மற்றபடி மணியும் உஷ்ணமானியும் பாலும் முட்டையும் எங்கும் ஒன்றே.

இந்தச் சொல் குடும்பங்களுக்குள் புகுந்தபோது அது வேறு ஒரு பணியையும் ஏற்றுக்கொண்டது. க்ஷயம் என்ற வார்த்தையை வீட்டில் உரக்கச் சொல்லமாட்டார்கள்; சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது, பையனுக்கு வேலை நிலைக்காது, அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் வாங்கமாட்டார். "மாமாவைத் தாம்பரத்தில் சேர்த்திருக்கிறது" என்பார்கள், அவ்வளவுதான். கேட்டவர் மேலே ஒன்றும் வினவாமல் பேச்சை மாற்றுவார். சில வீடுகளில் அந்தச் சொல்லையும் விட்டுவிட்டு, "தெற்கே ஓய்வுக்குப் போயிருக்கிறார்" என்று முடித்துக்கொண்டார்கள். நோயின் பெயருக்கு மறைப்பாக நிலையத்தின் பெயரும், நிலையத்தின் பெயருக்கு மறைப்பாக ஊரின் பெயரும் நின்றபடியால், தாம்பரம் என்ற சொல்லுக்கே ஒரு தலைமுறைக் காலம் இருமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த நோய்க்கு இரையான தமிழர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். 1948-இல், மருந்து உலகில் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்ட பிறகு, அது நம் நாட்டு ஏழைக்கு எட்டுவதற்குமுன், திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார்.

பிற சானடோரியங்கள் இருந்த ஊர்களில் இந்தப் பெயர் எவ்விதம் நடந்துகொண்டது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. மதனப்பள்ளிக்கருகே மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி நிறுவிய சானடோரியம், டேனிஷ் மருத்துவரான ஃப்ரிமோட் மொல்லரின் தலைமையில் தென்னிந்தியா முழுவதும் கீர்த்தி பெற்றது. அந்த இடத்துக்கு 'ஆரோக்கியவரம்' என்று அழகான பெயர் அமைந்து, அதுவே நிலைத்துவிட்டது. நோயின் வாடையே இல்லாத பெயர் அது. நம் பக்கத்தில் அவ்வாறு ஒரு பெயரைச் சூட்ட எவருக்கும் தோன்றவில்லை; 'ஆரோக்கியபுரம்' என்றோ 'சவுரிமுத்து நகர்' என்றோ ஒன்று ஏற்பட்டிருந்தால் இன்று அந்த ஸ்தாபகரின் பெயராவது நினைவில் நின்றிருக்கும். பெருந்துறையிலும் தஞ்சாவூரை அடுத்த செங்கிப்பட்டியிலும் தாம்பரத்தில் நடந்ததே நடந்தது. பெருந்துறையில் சானடோரியம் இருந்த இடத்தில் மருத்துவக் கல்லூரி வந்தபிறகும், அந்தத் தபால் நிலையமும் சுற்றுப்புறமும் சானடோரியம் என்ற பெயராலேயே வழங்குகின்றன. ஆங்கிலத்தில் எங்கும் ஒரு கட்டடத்தைக் குறித்த சொல், தமிழ்நாட்டில் ஊர்ப்பெயர் ஆகிவிடும் வழக்கத்தை இங்கே காண்கிறோம்.

கட்டடத்துக்கு அந்தப் பெயர் தேவையில்லாமல் போனதற்குரிய காரணமும் இதே ரயில் பாதையில்தான் இருக்கிறது என்பது எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிக வியப்பளிக்கும் செய்தி. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், அடுத்த சில ஆண்டுகளில் பி.ஏ.எஸ். என்ற மருந்தும், 1952-இல் ஐசோநியாஸிடும் வந்தன. 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து தயாரிக்கும் கூடம் ஏற்பட்டது. அந்த ஊசியை ஊரெங்கும் குழந்தைகளுக்குப் போடுவதை எதிர்த்து ராஜாஜி 1955-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டுப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் அரசாங்கத்தின் முன் நின்ற கேள்வி எளிமையானது: நாட்டில் க்ஷயரோகிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சானடோரியப் படுக்கைகளோ மிகச் சொற்பம், மருந்து கையில் இருக்கும்போது படுக்கை அவசியந்தானா?

இதற்கு விடை காண்பதற்காக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதில் முக்கியஸ்தராக வந்தார். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளைத் தேர்ந்து, எவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டெடுப்பது போன்ற முறையில் தீர்மானித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பகுதியினரை அவரவர் குடிசையிலேயே இருக்கச் செய்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல காற்று, முழு ஓய்வு, புஷ்டியான ஆகாரம், தாதிகளின் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒண்டுக் குடித்தனம், அரைவயிற்றுச் சோறு, இயன்றபோது கூலிவேலை. நூறு ஆண்டுகளாக வைத்திய உலகம் நம்பிவந்த எல்லாம் உண்மையாயிருந்தால், வீட்டில் இருந்தவர்கள் பரிதாபமாகத் தோற்றிருக்கவேண்டும். 1959-இல் முடிவு பிரசுரமானபோது, இரு சாராரிலும் பத்தில் ஒன்பது பேர் அளவில் நோய் அடங்கியிருந்தது. வேறுபாடு மிகச் சொற்பம். அதைவிட முக்கியமாக, வீட்டிலேயே நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. மருந்து தொடங்கியபின் பிரித்துவைப்பதில் லாபமில்லை என்று ஏற்பட்டது.

இந்த ஆராய்ச்சியின் பலன் சென்னையோடு நிற்கவில்லை. நம் தேசத்தில் 1962-இல் வகுக்கப்பட்ட க்ஷயரோகத் திட்டம், வீட்டில் வைத்தே சிகிச்சை என்ற அடிப்படையின்மீது எழுந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, விடுதிகளாகவும் பள்ளிகளாகவும் மாறின. மருந்தைக் கொடுத்தனுப்பினால் நோயாளி விழுங்குகிறாரா, இல்லையா என்ற சங்கடத்தையும் ஃபாக்ஸும் அவர் சகாக்களும் சேத்துப்பட்டில் இருந்தபடியே ஆராய்ந்து, கண்ணெதிரே மருந்து உட்கொள்ளச் செய்யும் முறைக்கு வழிகாட்டினார்கள். ராமானுஜன் கண்மூடிய பேட்டையிலேயே, அவரை மலைமேல் குளிரில் வாட்டிய கொள்கைக்கும் முடிவு எழுதப்பட்டது. பொதுஜனங்களின் கற்பனை மட்டும் விஞ்ஞானத்தின் வேகத்தில் ஓடுவதில்லை. 1961-இல் வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தில் க்ஷயம் கண்ட கதாநாயகி ஸ்விட்சர்லாந்துக்குப் போய்த்தான் குணமடைகிறாள். படம் எடுத்த கோடம்பாக்கத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால், சேத்துப்பட்டில், அவளுக்கு வேண்டிய மாத்திரை அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தது. படமெடுத்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. மாத்திரை வாங்கக் கியூவில் நிற்கும் கதாநாயகியை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்?

தாம்பரம் சானடோரியம் மூடப்படவில்லை. மேனாட்டில் நோயே அருகிப்போனதால் கட்டடம் காலியாயிற்று; இங்கே நோய் அருகவில்லை. வீட்டில் பராமரிக்க ஆளில்லாதவர்கள், மருந்துக்கு மசியாத கிருமியைச் சுமந்தவர்கள், ரத்தமாய்க் கக்கிக்கொண்டு வந்தவர்கள் எனப் படுக்கைகள் நிரம்பியே இருந்தன. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பிற ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே திருப்பியனுப்பிய நாட்களில், அவர்களைச் சேர்த்துக்கொண்ட பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இது முதன்மையானது. விலக்கப்பட்டவர்களை ஏற்றுப் பழகிய இடத்துக்கு இது புதிதாயிருக்கவில்லை. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசாங்கம் அந்நோய்க்குரிய கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, நாடு முழுவதற்கும் முதலில் தேர்ந்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. 1984-இல் பக்கத்தில் ஏற்றுமதிக்கான தொழில் வளாகம் எழுந்து, 'மெப்ஸ்' என்ற சுருக்கப் பெயரால் காலையும் மாலையும் பெண் தொழிலாளர்களைக் கூட்டங்கூட்டமாக ரயிலிலிருந்து இறக்கியது. 2005 செப்டம்பரில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். இந்து வைத்தியத்தின் தொன்மையைப் பற்றி எழுதிய சவுரிமுத்துவின் ஆஸ்பத்திரிக்கு அண்டை வீடாகச் சித்த வைத்தியம் வந்து அமர்ந்தது, எவரும் உத்தேசித்துச் செய்ததாகத் தெரியவில்லை.

இன்று சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "சானடோரியம் போகணும்" என்று சொன்னால், "இதுதாங்க சானடோரியம், நீங்க எங்க போகணும்? சித்தாவா, மெப்ஸா, டி.பி. ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார். சானடோரியமாகவே பிறந்த நிலையத்துக்கு ஊராரிடம் எஞ்சியிருக்கும் பெயர் டி.பி. ஆஸ்பத்திரி; அதிகாரபூர்வமாக அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதன் முகவரியின் கடைசி வரியில், இடத்தைக் குறிக்கும் பாகத்தில், தபால்காரருக்கு அடையாளமாக எழுதியிருக்கிறது: தாம்பரம் சானடோரியம், சென்னை 600047.